மருந்தில்லாத ஜெல்லுக்கும் மங்கிய திட்டுகள்: எச்.ஐ.வி தோல் புற்றுநோய்க்குப் பூச்சு மருந்தைச் சோதிப்பது ஏன் இவ்வளவு சிக்கல்?

1990களின் பிற்பகுதியில் வட அமெரிக்காவில் 268 நோயாளிகளை வைத்து ஒரு மருந்துச் சோதனை நடந்தது. பாதிப் பேருக்கு மருந்து கலந்த ஜெல். மீதிப் பேருக்கு மருந்தே கலக்காத வெறும் ஜெல். யாருக்கு எது என்பது அவர்களுக்கும் தெரியாது, பார்த்த டொக்டர்களுக்கும் தெரியாது. 12 வாரம் கழித்துக் கணக்குப் பார்த்தபோது, மருந்து பூசியவர்களில் 35 வீதமானோருக்குத் தோலில் இருந்த புற்றுநோய்த் திட்டுகள் தெளிவாகக் குறைந்திருந்தன. வெறும் ஜெல் பூசியவர்களிலும் 18 வீதமானோருக்குக் குறைந்திருந்தன.

அந்த மருந்தின் பெயர் அலிட்ரெட்டினோயின். விட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்தது. பன்ரெட்டின் என்ற பெயரில் 0.1 வீத ஜெல்லாக வந்தது. எச்.ஐ.வி தொற்றோடு சேர்த்துப் பேசப்படும் கபோசி சார்கோமா என்ற தோல் புற்றுநோய்க்காக அமெரிக்காவில் மருந்துகளுக்கு அனுமதி கொடுக்கும் அமைப்பான எப்.டி.ஏ 1999 பெப்ரவரியில் அதற்கு அனுமதி கொடுத்தது. அதற்குப் பிறகு கால் நூற்றாண்டு போய்விட்டது. பல பூச்சு மருந்துகளை முயன்று பார்த்தார்கள். ஒன்றுகூட அந்த அளவுக்கு வரவில்லை.

பத்திரிகைக்காரர்கள் 35 வீதத்தைத் தலைப்பாக்குவார்கள். நம்மூர் வாட்ஸ்அப் குழுக்களுக்கு வரும்போது அது "எயிட்ஸ் புற்றுநோய்க்கு ஒயின்ட்மென்ட் கண்டுபிடிப்பு" என்று ஆகிவிடும். எனக்கென்னவோ அந்த 18 வீதம்தான் முக்கியமாகப் படுகிறது. மருந்தே இல்லாமல் ஒரு புற்றுநோய் ஏன் குறையவேண்டும்? அது பிடிபட்டால் இந்தச் சோதனைகள் ஏன் இழுபடுகின்றன, ஏன் பாதியில் நிற்கின்றன என்பதும் பிடிபடும்.

இது எப்படிப்பட்ட புற்றுநோய்?

1872இல் வியன்னாவில் மோரிட்ஸ் கபோசி என்ற தோல் வைத்தியர் ஐந்து நோயாளிகளைப் பற்றி எழுதினார். தோலில் ஊதாவும் கபிலமுமாகத் திட்டுகள், கட்டிகள். அடுத்த நூறு வருடத்துக்கு இது மத்தியதரைக் கடல் ஓரத்து வயதான ஆண்களுக்கு வரும் மெதுவான நோய் என்றே பெரும்பாலும் பாடப் புத்தகங்களில் இருந்தது. ஆபிரிக்காவின் சில பகுதிகளில் இதைவிட மூர்க்கமான வடிவமும் உண்டு. பிறகு 1981 ஜூலை 3ஆம் திகதி அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வாராந்த அறிக்கையில் ஒரு செய்தி வந்தது: நியூயோர்க்கிலும் கலிபோர்னியாவிலும் இந்த அபூர்வமான நோய் 26 ஆண்களுக்கு வந்திருக்கிறது, அவர்கள் யாரும் கிழவர்கள் இல்லை. எயிட்ஸ் என்ற பெயரையே அப்போது யாரும் வைத்திருக்கவில்லை. எயிட்ஸ் தன்னை வெளியே காட்டிக்கொண்ட முதல் அடையாளங்களில் ஒன்று இந்தத் திட்டு.

எச்.ஐ.வி நேரடியாக இந்தப் புற்றுநோயை உண்டாக்குவதில்லை. 1994இல் யுவான் சாங், பட்ரிக் மூர் என்ற ஆய்வாளர் தம்பதி இதற்குப் பின்னால் இருக்கும் இன்னொரு வைரஸைக் கண்டுபிடித்தார்கள். அது மனித ஹேர்பிஸ் வைரஸ் 8. குருதிக்கலன்களின் உட்சுவர்க் கலங்களில் அது குடியேறுகிறது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி நன்றாக இருக்கும்வரை பெரும்பாலானோருக்கு ஒன்றும் நடப்பதில்லை. எச்.ஐ.வி அந்தச் சக்தியைத் தின்றுவிட்டால் இந்தக் கலங்கள் நூல் நூற்கும் கதிர் போன்ற வடிவில் நீண்டு பெருகும், ஒழுங்கில்லாத புதுக் குருதிக்கலன்களைக் கிளப்பிவிடும். அந்தக் கலன்கள் கசியும். கசிந்த சிவப்பணுக்கள் தோலுக்குள் தேங்குவதால்தான் அந்த ஊதா நிறம். வெள்ளைத் தோலில் அது பளிச்சென்று தெரியும். நம்முடைய தோலில் கடும் கபிலமாக, சில சமயம் கிட்டத்தட்டக் கறுப்பாகவே இருக்கும். பழைய காயத் தழும்பென்றோ படர்தாமரையென்றோ நினைத்து விட்டுவிட இடமுண்டு.

தெற்காசியாவில் கபோசி சார்கோமா அரிது. எச்.ஐ.வி இருப்பவர்களிடத்திலும் அரிது. ஹேர்பிஸ் 8 ஆபிரிக்காவின் பல பகுதிகளில் பரவியிருக்கும் அளவுக்கு இங்கே பரவவில்லை என்பது முக்கியமான காரணம். அரிது என்பதால் இந்தத் திட்டைப் பார்த்ததும் இதுதான் என்று எல்லா டொக்டருக்கும் சட்டென்று தோன்றாது. பயொப்சி எடுத்து, அதாவது தோலில் சிறு துண்டு ஒன்றை வெட்டி எடுத்து, வைரஸின் புரதம் கலங்களுக்குள் இருக்கிறதா என்று சாயம் போட்டுப் பார்த்துத்தான் உறுதி செய்வார்கள்.

இன்னொரு வகை நோயாளிகளையும் சொல்லவேண்டும். சிறுநீரக மாற்றுச் சத்திரசிகிச்சை செய்தவர்களுக்கு, புதிய சிறுநீரகத்தை உடம்பு நிராகரிக்காமல் இருக்க எதிர்ப்புச் சக்தியை அமுக்கும் குளிசைகள் கொடுப்பார்கள். அவர்களில் சிலருக்கும் கபோசி வரும், எச்.ஐ.வி இல்லாமலே. 2005இல் இத்தாலியில் அப்படி 15 பேரின் மருந்தை சைக்ளோஸ்போரினிலிருந்து சிரோலிமஸுக்கு மாற்றிப் பார்த்தார்கள். மூன்று மாதத்தில் 15 பேருக்கும் தோல் திட்டுகள் மறைந்துவிட்டன. கீமோதெரபி கொடுக்கவில்லை, பூச்சும் பூசவில்லை. சிரோலிமஸுக்குப் புதுக் குருதிக்கலன்கள் முளைப்பதைத் தடுக்கும் குணமும் உண்டு என்பதால் முழுப் பெருமையையும் எதிர்ப்புச் சக்திக்கே கொடுத்துவிட முடியாது. இருந்தாலும் உள்ளே ஒரு மருந்து மாறினால் வெளியே திட்டு மாறுகிறது என்பது தெரிகிறது.

18 வீதத்துக்கான விடையும் ஏறக்குறைய இங்கேதான் இருக்கிறது. இந்தப் புற்றுநோய் எதிர்ப்புச் சக்தியோடு ஏறும், அதோடு இறங்கும். அலிட்ரெட்டினோயின் சோதனைகள் நடந்த காலத்தில், 1996க்குப் பிறகு, எச்.ஐ.விக்கான புதிய கூட்டு மருந்துகள் பரவத் தொடங்கியிருந்தன. சோதனையில் இருந்த பலர் அவற்றை எடுத்துக்கொண்டிருந்தார்கள். சோதனையில் சேர்ந்தவர் கிளினிக்குக்கு ஒழுங்காக வருவார், குளிசையை நேரத்துக்குப் போடுவார். ஜெல்லில் ஒன்றும் இல்லாவிட்டாலும் திட்டு மங்க வழியிருந்தது.

இரண்டு சோதனை, இரண்டு விடை

அலிட்ரெட்டினோயினுக்கு இன்னொரு பெரிய சோதனையும் நடந்தது. அதில் 134 பேர். மருந்து பூசியவர்களில் 37 வீதமானோருக்குப் பலன். வெறும் ஜெல்லில் 7 வீதம் மட்டுமே.

மருந்தின் பக்கம் 35, 37 என்று ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கிறது. மாறியது வெறும் ஜெல்லின் கணக்கு. முதல் சோதனைப்படி 100 பேருக்குப் பூசினால் மருந்தினாலேயே பலன் கண்டவர்கள் 17 பேர், அதாவது ஆறு பேருக்கு ஒருவர். இரண்டாவதின்படி 30 பேர், அதாவது மூன்று நான்கு பேருக்கு ஒருவர். ஒரே மருந்துக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வித்தியாசம், அதுவும் மருந்து எதையும் வித்தியாசமாகச் செய்யாமலே. ஒப்பிட்டுப் பார்க்க வெறும் ஜெல் பூசிய ஆட்கள் இல்லாமல் ஒருவர் "என் ஒயின்ட்மென்டால் மூன்றில் ஒருவருக்குக் குணம்" என்று சொன்னால், அந்த எண்ணை நான் காதில் போட்டுக்கொள்வதாக இல்லை.

சரி, எல்லா மருந்துக்கும் இப்படி வெறும் ஜெல் குழு வேண்டுமா? வேண்டியதில்லை, அதுதான் வேடிக்கை. 2020 மே மாதத்தில் பொமலிடோமைட் என்ற குளிசைக்கு கபோசிக்காக எப்.டி.ஏ அனுமதி கொடுத்தது. அதற்கு ஆதாரமான ஆய்வில் இருந்தவர்கள் வெறும் 28 பேர். ஒப்பீட்டுக் குழுவே இல்லை. ஆனால் அந்த 28 பேரில் 20 பேருக்குத் திட்டுகள் குறைந்தன. எச்.ஐ.வி இருந்தவர்கள் ஏற்கெனவே எச்.ஐ.வி மருந்தில் இருந்தவர்கள். 71 வீதம் என்பது தற்செயலாக வரக்கூடிய எண் இல்லை. பூச்சு மருந்தின் பிரச்சினை அதன் பலன் நடுத்தரமாக இருப்பது. இயல்பாகவே 7க்கும் 18க்கும் இடையில் எங்கேயோ ஆடும் நோயில் 35ஐப் பிரித்துக் காட்ட, நிறைய ஆட்களும் கவனமான ஒப்பீடும் வேண்டும்.

ஒரே உடம்பில் இரண்டு பூச்சு

இந்தச் சிக்கலுக்கு ஆய்வாளர்கள் கண்ட வழி எனக்குப் பிடித்தது. நோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரிப்பதற்குப் பதிலாக ஒரே ஆளின் திட்டுகளைப் பிரித்துவிடுவது. ஒரு திட்டுக்கு மருந்து, இன்னொன்றுக்கு வெறும் களிம்பு. இரண்டு டியூபும் பார்க்க ஒன்று போலவே இருக்கும். ஒரே வயலில் பக்கத்துப் பக்கத்துப் பாத்திகளில் ஒன்றுக்கு மட்டும் உரம் போட்டுப் பார்ப்பது போல. மழை இரண்டுக்கும் ஒன்றுதான். எச்.ஐ.வி மருந்தால் எதிர்ப்புச் சக்தி கூடினால் இரண்டு திட்டும் சேர்ந்தே குறையும், எனவே மிஞ்சும் வித்தியாசத்தைப் பூச்சின் கணக்கில் எழுதலாம்.

ஹலோபூஜினோன் என்ற மருந்தை இப்படித்தான் சோதித்தார்கள். இது வந்த வழி சுவாரசியமானது. சீன வைத்தியத்தில் மலேரியாக் காய்ச்சலுக்குக் கொடுத்துவந்த சாங் ஷான் என்ற செடியில் பெப்ரிபூஜின் என்ற பொருள் இருக்கிறது. காய்ச்சலை அடக்கும், ஆனால் குமட்டலும் வாந்தியும் பாடாய்ப் படுத்தும். அதிலிருந்து மாற்றி உருவாக்கிய ஹலோபூஜினோன் கோழிப் பண்ணைகளில் கொக்சிடியோசிஸ் என்ற குடல் நோய்க்குத் தீனியோடு கலந்து கொடுக்கப்பட்டது. கோழிக்குக் கொடுத்த மருந்தை மனிதரின் புற்றுநோய்க்கு ஏன் கொண்டுவரவேண்டும்? அது தோலின் இழைப் புரதமான கொலாஜனின் உற்பத்தியைக் குறைக்கிறது, புதுக் குருதிக்கலன்கள் முளைப்பதைத் தடுக்கிறது என்று ஆய்வுகூடத்தில் தெரியவந்தது. கபோசி திட்டு என்பதே குருதிக்கலன்களின் கலகம்தான் என்பதால் யோசனை பொருந்தியது. வாயால் கொடுத்தால் வயிற்றைப் பிரட்டும் மருந்து என்பதால் தோலில் பூசுவது இன்னும் பொருத்தமாகப் பட்டது.

அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் நிதியில் இயங்கும் எயிட்ஸ் புற்றுநோய்க் கூட்டமைப்பு இந்தச் சோதனையை நடத்தியது. முடிவு 2011இல் வெளியானது. பூசிய இடத்திலிருந்து எடுத்த பயொப்சிகளில் கொலாஜன் குறைந்திருந்தது, அதாவது மருந்து தோலுக்குள் போய் ஏதோ செய்திருக்கிறது. பெரும்பாலானோர் அதைத் தாங்கிக்கொண்டார்கள். ஆனால் நோயாளிகள் போதுமான அளவு சேரவில்லை, எதிர்பார்த்த எண்ணிக்கை வருவதற்கு முன்னரே சோதனையை முடிக்கவேண்டியதாயிற்று. நோயாளிக்கு உண்மையில் எவ்வளவு நன்மை என்ற கேள்விக்கு உறுதியான பதில் கிடைக்கவில்லை. மருந்து தோற்றுவிட்டது என்றும் சொல்லமுடியாது, ஜெயித்தது என்றும் சொல்லமுடியாது. ஆய்வு உலகத்தில் இப்படித் தொங்கிப்போன மருந்துகள் ஏராளம். தோற்ற மருந்தைவிடத் தொங்கிய மருந்துதான் மனத்தை அதிகம் குடையும்.

ஒரே உடம்பில் இரண்டு பூச்சு என்ற முறைக்கும் ஓட்டைகள் உண்டு. மருந்து தோல் வழியாகக் குருதிக்குள் போனால் வெறும் களிம்பு பூசிய திட்டுக்கும் அது போய்ச் சேரும், வித்தியாசம் அழிந்துவிடும். அதனால் குருதியில் மருந்து எவ்வளவு ஏறுகிறது என்றும் அளந்துகொண்டே இருக்கவேண்டும். நோயாளி கை கழுவாமல் ஒன்றன் பின் ஒன்றாகப் பூசினாலும் அதே கதைதான். அலிட்ரெட்டினோயின் போன்ற மருந்து பூசிய இடத்தில் சிவந்து எரியும். எது எரிகிறதோ அதுதான் மருந்து என்று நோயாளிக்கு இரண்டே வாரத்தில் தெரிந்துவிடும், டொக்டருக்கும் தெரிந்துவிடும். பிறகு யார் யாரிடம் எதை மறைப்பது?

கணக்குப் போடுவதிலும் ஒரு பொறி இருக்கிறது. ஒருவர் உடம்பில் 20 திட்டுகள் இருந்தால் அது 20 நோயாளிகள் ஆகாது. ஒரே குருதி, ஒரே எதிர்ப்புச் சக்தி, ஒரே பழக்கவழக்கம். அவற்றைத் தனித்தனியாக எண்ணி "நூறு திட்டுகளில் சோதித்தோம்" என்று எழுதினால், உள்ளே ஐந்தே ஐந்து பேர்தான் இருக்கக்கூடும்.

அளப்பது

இதில் அதிகம் இழுக்கத் தேவையில்லை. ஆனாலும் சொல்லிவிடவேண்டும். திட்டின் நீளம் அகலத்தைக் கோல் வைத்து அளப்பார்கள், மேடாக இருந்தது தட்டையாகிவிட்டதா என்று விரலால் தடவிப் பார்ப்பார்கள், படம் எடுப்பார்கள். நிறத்தை நம்பமுடியாது. புற்றுக் கலங்கள் போன பிறகும் கசிந்த குருதியின் இரும்பு தோலில் தங்கிக் கபிலக் கறையாக மாதக்கணக்கில் நிற்கும். கறை மட்டும்தான் மிஞ்சியிருக்கிறதா, நோயும் இருக்கிறதா என்று தெரிய மறுபடி பயொப்சி எடுக்கவேண்டும். முகத்தில் இருக்கும் திட்டை வெட்டி எடுத்துப் பார்க்க எத்தனை பேர் சம்மதிப்பார்கள்?

எச்.ஐ.வி மருந்து தொடங்கிய முதல் சில மாதங்களில் இன்னொரு குழப்பமும் வரலாம். எதிர்ப்புச் சக்தி திடீரென்று எழும்போது சிலருக்குத் திட்டுகள் குறைவதற்குப் பதிலாகக் கூடும், வீங்கும். அந்த நேரத்தில் பூச்சைத் தொடங்கினால் நல்ல மருந்துக்குக்கூடக் கெட்ட பெயர் வந்துவிடும். எனவே குளிசையில் நிலைகொண்டு சில மாதமான ஆட்களைத்தான் இப்படியான சோதனைகளில் சேர்க்க விரும்புவார்கள். அப்படிச் சேர்க்கும்போது, குளிசையாலேயே திட்டு மறைந்துவிட்டவர்கள் ஏற்கெனவே கழிந்துபோயிருப்பார்கள். மிஞ்சுவது பிடிவாதக்காரத் திட்டுகள், அதுவும் கொஞ்சப் பேர்.

நோயாளிகள் எங்கே போனார்கள்?

1996க்குப் பிறகு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கபோசி நோயாளிகளின் எண்ணிக்கை மளமளவென்று சரிந்தது. அது பெரிய வெற்றி. அதே வெற்றிதான் பூச்சு மருந்துச் சோதனைகளின் கழுத்தையும் பிடித்தது. ஒன்றிரண்டு திட்டுகளோடு, வேறு சிக்கல் எதுவும் இல்லாத நோயாளிகள் எச்.ஐ.வி குளிசையாலேயே தேறிவிடுகிறார்கள். சோதனையில் சேர ஆள் கிடைப்பதில்லை.

நோயாளிகள் இன்னும் நிறைய இருக்கும் இடம் ஆபிரிக்காவின் கிழக்கும் தெற்கும். அங்கே பலர் வைத்தியசாலைக்கு வரும்போதே கால்கள் வீங்கி, நுரையீரல், குடல்வரை நோய் போய்விட்டிருக்கும். அவர்களுக்குத் தேவை பக்லிடாக்செல் போன்ற கீமோதெரபி மருந்து தட்டுப்பாடில்லாமல் கிடைப்பது. பூச்சு மருந்தை அங்கே கொண்டுபோய்ச் சோதித்தால், நோயாளி "அதற்கு முன்னால் எனக்கு வேண்டியதைத் தாருங்கள்" என்று கேட்பார். கேட்கவும் வேண்டும். 60 கிராம் பன்ரெட்டின் டியூப் ஒன்று அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான டொலர் என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

இதற்காகப் பூச்சு மருந்து தேவையற்றது என்று நான் சொல்லவில்லை. உயிருக்கு ஆபத்தில்லாத திட்டு, வாழ்க்கைக்கு ஆபத்தில்லாத திட்டு ஆகிவிடாது. மூக்கின் நுனியில் இருக்கும் ஒரு கறுப்புத் திட்டோடு ஒருவர் வேலைக்குப் போகவேண்டும், கோயில் திருவிழாவுக்குப் போகவேண்டும், பெண் பார்க்க வருபவர்கள் முன்னால் உட்காரவேண்டும். கீமோதெரபியின் தாக்கத்தைத் தாங்கும் அளவுக்கு அது பெரிய நோயில்லை, சும்மா விடும் அளவுக்குச் சின்னதும் இல்லை. பூச்சு மருந்துக்கு இடம் அந்த நடுவில்தான். கதிர்ச் சிகிச்சை, குளிரூட்டிக் கருக்குவது, திட்டுக்குள்ளேயே வின்பிளாஸ்டின் ஊசி போடுவது என்று மற்ற வழிகளும் அங்கேதான் நிற்கின்றன. மருக்களுக்குப் பூசும் இமிகுவிமொட் கிரீமை 17 பேரில் போட்டுப் பார்த்ததில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பலன் தெரிந்தது. ஆனால் அவர்கள் எச்.ஐ.வி இல்லாத கபோசி நோயாளிகள், ஒப்பீட்டுக் குழுவும் இல்லை. கண் அழுத்தத்துக்குப் போடும் டிமொலோல் துளியைத் திட்டில் பூசிக் குறைந்ததாகத் தனித்தனி நோயாளிகளைப் பற்றிய அறிக்கைகள் இருக்கின்றன. மலிவான மருந்து, ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் தனி அறிக்கைகளில் 18 வீதக்காரர்கள் எத்தனை பேர் ஒளிந்திருக்கிறார்கள் என்று யார் சொல்லமுடியும்?

கொழும்பிலிருந்து பார்த்தால்

இப்படி ஒரு சோதனையைக் கொழும்பில் நடத்தலாமா? சட்டதிட்டம் இருக்கிறது. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை மருந்துச் சோதனைகளுக்கு அனுமதி கொடுக்கவேண்டும். அதற்கு முன் ஒழுக்கநெறிக் குழு ஒன்று பார்க்கவேண்டும். இலங்கை மருத்துவச் சங்கம் 2006இல் தொடங்கிய மருத்துவச் சோதனைகள் பதிவேடும் இருக்கிறது. உலக சுகாதார அமைப்பு ஏற்றுக்கொண்ட பதிவேடுகளில் அதுவும் ஒன்று. எதை அளக்கப்போகிறோம், எத்தனை பேரைச் சேர்க்கப்போகிறோம் என்று முன்கூட்டியே அதில் எழுதிவைக்கவேண்டும். பின்னால் விடைக்குத் தக்கபடி கேள்வியை மாற்றமுடியாது. யார் வேண்டுமானாலும் இணையத்தில் திறந்து பார்க்கலாம்.

இல்லாதது நோயாளிகள். இலங்கையில் எச்.ஐ.வி முதன்முதலில் 1986இல் ஒரு வெளிநாட்டவரிடம் கண்டுபிடிக்கப்பட்டது, அடுத்த ஆண்டு ஓர் இலங்கையரிடம். இன்றும் 15 முதல் 49 வயதானோரில் தொற்று 0.1 வீதத்துக்கும் கீழே. அதில் கபோசி உள்ளவர்கள், அதிலும் பூச்சுக்குப் பொருத்தமானவர்கள் என்று வடிகட்டினால் சோதனை நடத்தும் அளவுக்கு ஆள் சேராது. மகிழ்ச்சியான குறைபாடுதான். ஒருவேளை வேறு நாடுகளோடு சேர்ந்து நடத்தினாலும், திட்டுகளைப் படம் எடுத்துச் சேமிக்கும் விஷயத்தில் இங்கே கூடுதல் கவனம் வேண்டும். ஒருபால் உறவைக் குற்றமாக்கும் 365, 365அ பிரிவுகள் தண்டனைச் சட்டக்கோவையில் இருக்கும் நாடு இது. எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் முகம் தெரியும் ஒரு படம் வெளியே போனால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை.

சோதனை இல்லாவிட்டாலும் இந்த விஷயத்தில் கொழும்புக்காரர்கள் கவனிக்கவேண்டியவை இருக்கின்றன. முதலாவது நம்முடைய பாமசிப் பழக்கம். தோலில் எது வந்தாலும் பாமசிக்காரரிடம் காட்டி ஒரு கிரீம் வாங்குவது. அப்படிக் கிடைக்கும் கலவைக் கிரீம்கள் பலவற்றில் ஸ்டீரொய்ட் இருக்கும். ஸ்டீரொய்ட் மருந்துகள் கபோசியைக் கிளறிவிடும் என்பது வைத்திய உலகத்துக்கு நெடுங்காலமாகத் தெரியும். குளிசையாகவோ ஊசியாகவோ எடுக்கும்போதுதான் ஆபத்து மிக அதிகம். கிரீமின் கேடு பெரும்பாலும் வேறு: மாதக்கணக்கில் பூசிக்கொண்டே இருந்து, பயொப்சிக்கும் எச்.ஐ.வி பரிசோதனைக்கும் போகவேண்டிய காலத்தை விட்டுவிடுவது. வலியில்லாத, அரிக்காத, கடும் கபிலத் திட்டு ஒன்று வாரக்கணக்கில் நின்றால், அதுவும் வாய்க்குள் மேலண்ணத்தில் இன்னொன்று தெரிந்தால், அதற்குப் பாமசியில் மருந்து கிடையாது.

இரண்டாவது, எச்.ஐ.விக்கான குளிசைகள் இங்கே 2004இலிருந்து அரச கிளினிக்குகளில் இலவசம். கொழும்பு 10இல், டீ சேரம் பிளேஸில் இருக்கும் மத்திய கிளினிக்கிலும் வாங்கலாம், மற்ற மாவட்டங்களிலும் வாங்கலாம். 2016இலிருந்து தொற்று உறுதியானதும் காத்திருக்காமல் சிகிச்சையைத் தொடங்குகிறார்கள். பூச்சு மருந்து எதுவும் செய்யாததை அந்தக் குளிசை செய்யும். சில திட்டுகளோடு மட்டும் இருப்பவர்களுக்கு அது ஒன்றே பல சமயம் போதும், ஆனால் மாதங்கள் எடுக்கும்.

மூன்றாவது, வெளிநாட்டு உறவினர்கள். லண்டனிலிருந்தும் டொரன்டோவிலிருந்தும் மருந்து வரவழைப்பது நம் வீடுகளில் சகஜம். யாராவது பன்ரெட்டின் டியூப் ஒன்றை அனுப்பிவிட்டால், கிளினிக் டொக்டரிடம் காட்டாமல் தொடங்கக்கூடாது. ஒரே மாதத்தில் பத்துக்கு மேல் புதுத் திட்டுகள் வந்திருந்தால், கால் வீங்கியிருந்தால், நுரையீரலிலோ குடலிலோ நோய் இருந்தால் இந்த ஜெல் அவருக்கானது அல்ல. அவருக்கு வேண்டியது உடம்பு முழுவதற்குமான சிகிச்சை. பூசுவது ஒரு நாளைக்கு இரண்டு தடவையில் தொடங்கும், தோல் தாங்கினால் மூன்று, நான்கு தடவைவரை கூட்டலாம். திட்டில் மட்டும் படவேண்டும், சுற்றியுள்ள நல்ல தோலில் பட்டால் எரியும். மூன்று முதல் ஐந்து நிமிடம் காயவிட்ட பிறகுதான் உடுப்பை மேலே போடலாம், கட்டுப் போடக்கூடாது. விட்டமின் ஏ குடும்பத்து மருந்து என்பதால் கர்ப்பிணிகள் தொடக்கூடாது. இரண்டு வாரத்தில் மாற்றம் தெரியலாம், 14 வாரம் தாண்டியும் ஆகலாம்.

அப்புறம் நம்மூருக்கென்றே எழுதியது போன்ற ஓர் எச்சரிக்கை அதன் துண்டுப் பிரசுரத்தில் இருக்கிறது: இந்த ஜெல்லைப் பூசும் காலத்தில் டீட் (DEET) என்ற இரசாயனம் கலந்த நுளம்பு விரட்டிகளைப் பூசக்கூடாது. ஜெல்லோடு சேரும்போது டீட்டின் நச்சுத்தன்மை கூடுவதாக விலங்குகளில் செய்த ஆய்வுகளில் தெரிந்தது. டெங்கு ஓயாத ஊரில் இதைக் கடைப்பிடிப்பது லேசான காரியமில்லை. நுளம்புக் கிரீமின் பின்பக்கத்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்று வாசித்துப் பார்த்து, டீட் இருந்தால் அதை ஒதுக்கிவைத்துவிட்டு, வலையும் நீளக்கைச் சட்டையுமாகத்தான் சமாளிக்கவேண்டும்.